மக்காச்சோளக் கையிருப்புக்கும் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்காச்சோள விலைச் சரிவைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பெரம்பலூர் மாவட்டத்தில் ஆறு ஏக்கர் மானாவாரி நிலத்தில் இருபது ஆண்டுகளாக மக்காச்சோளம் விதைத்து வருகிறேன். விளைச்சல் கூடியதால் விலை இறங்கியது என்று அந்தச் செய்தி முடித்துக்கொண்டது. போன வருஷத்து மக்காச்சோளம் நாட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கேள்வியை அது தொடவே இல்லை. தொட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. அதை எண்ணிச் சொல்ல இங்கே ஆள் இல்லை.

அரசின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2022-23இல் நாட்டின் மக்காச்சோள விளைச்சல் சுமார் 381 லட்சம் டன். அடுத்த ஆண்டு சுமார் 377 லட்சம் டன். நூற்றுக்கு ஒரு பங்குதான் குறைவு. ஆனால் 2022-23இல் 30 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்த நாடு, 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மக்காச்சோளத்தைத் தருவித்தது. இந்தத் தலைகீழ் மாற்றத்தை விளைச்சல் கணக்கு காட்டவே இல்லை. நடந்தது வேறு. 2023 ஜூலையில், பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தயாரிக்கும் ஆலைகளுக்கு இந்திய உணவுக் கழகத்தின் அரிசி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. ஒரு டன்னிலிருந்து சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கிறது. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான் என்பதால், நாமக்கல் பண்ணைக்குப் போகவேண்டிய மூட்டைக்கும் ஆலைக்குப் போகும் மூட்டைக்கும் போட்டி வந்துவிட்டது. பழைய கையிருப்பு கரைந்துகொண்டிருந்ததைப் பெரிய வியாபாரிகள் கிடங்குகளைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். எங்களுக்கு எப்படித் தெரியும்?

2024 மாசியில் கதிர் அடித்த வாரமே, களத்துக்கு வந்த வியாபாரியிடம் மொத்தத்தையும் கொடுத்துவிட்டேன். உரக்கடைக் கடன் கழுத்தை நெரித்தது. சில மாதங்களிலேயே விலை ஏறியது. அந்த ஆற்றாமையில் மறு ஆண்டு நாற்பது மூட்டையை வீட்டில் அடுக்கி வைத்தேன். வண்டு விழுந்தது, விலையும் இறங்கியது. இரண்டு ஆண்டும் இருட்டில் கைவிட்டுத் துழாவியதுபோல்தான் முடிவெடுத்தேன்.

நெல், கோதுமை விவசாயிக்கு இந்த நிலை இல்லை. மத்தியத் தொகுப்பில் அரிசி எவ்வளவு, கோதுமை எவ்வளவு என்று உணவுக் கழகம் மாதந்தோறும் சொல்லிவிடுகிறது. கோதுமை வியாபாரிகள் வாரந்தோறும் இருப்பை அரசின் இணையதளத்தில் பதியவும் வேண்டியிருக்கிறது. மக்காச்சோளத்தை அரசு பெரிய அளவில் வாங்குவதில்லை. அது களத்திலும் மண்டியிலும், தீவன ஆலை, ஸ்டார்ச் ஆலை, எத்தனால் ஆலைக் கிடங்குகளிலும் சிதறிக் கிடக்கிறது. அதனால்தான் எண்ண முடியாது என்கிறார்கள். அமெரிக்காவிலும் மக்காச்சோளம் தனியார் கையில்தான் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு நான்கு முறை, பண்ணைகளில் எவ்வளவு, வெளிக் கிடங்குகளில் எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். ஆண்டு முடிவில் இந்தியாவில் மிஞ்சும் மக்காச்சோள இருப்பைக்கூட அந்த நாட்டு வேளாண் துறைதான் மாதந்தோறும் மதிப்பிட்டு வெளியிடுகிறது. நம் பத்தாயத்தில் இருப்பதை அயலார் சொல்லித் தெரிந்துகொள்வது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. தூரத்திலிருந்து போடும் மதிப்பீடு எவ்வளவு தவறலாம் என்பதற்குச் சீனாவே சாட்சி. 2018இல் சீனா தன் பழைய விளைச்சல் கணக்குகளைத் திருத்தியதும், அதன் கையிருப்பு மதிப்பீட்டை அமெரிக்கத் துறை ஒரே மாதத்தில் சுமார் 5.8 கோடி டன்னிலிருந்து 20 கோடி டன்னுக்கு மேல் உயர்த்த நேர்ந்தது.

2024-25இல் நம் விளைச்சல் 420 லட்சம் டன்னைத் தாண்டியது. எத்தனாலுக்கு உணவுக் கழக அரிசியும் மறுபடி திறந்துவிடப்பட்டது. குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்று அறிவித்திருந்தும், 2025 நவம்பரில் கர்நாடக விவசாயிகள் 2,000 ரூபாய்க்கும் கீழே விற்றுவிட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். கையிருப்பு ஏறிவருவது ஆவணியிலேயே தெரிந்திருந்தால், கொள்முதல் நிலையம் கேட்கவாவது அவர்களுக்கு நேரம் கிடைத்திருக்கும்.

இருப்பைப் பதியச் சொன்னால் அடுத்து இவ்வளவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற இருப்பு வரம்பு வந்துவிடும் என்று மண்டிக்காரர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. வரம்பு போட்டால் வாங்குகிறவர் கை பின்வாங்கும், அடி எங்கள் மேல்தான் விழும். ஆகவே தனித்தனி வியாபாரியின் இருப்பு ரகசியமாகவே இருக்கட்டும். மாநிலவாரியான மொத்தம் போதும். ஆலைகள் எத்தனாலுக்கு அரைத்தது எவ்வளவு, அதன் சக்கை தீவனமாகத் திரும்பியது எவ்வளவு என்பதும் அதில் வரவேண்டும். பீகாரின் குளிர்காலப் பயிர் சித்திரை, வைகாசியில்தான் சந்தைக்கு வருகிறது. ஆகையால் ஆண்டுக்கு ஒரு கணக்கு போதாது.

தை பிறந்தால் எங்கள் காட்டில் கதிர் ஒடிப்பு தொடங்கிவிடும். வியாபாரியும் விலை பேச வந்துவிடுவார். அக்டோபர் முதல் தேதி நாட்டில் எவ்வளவு இருந்தது, ஜனவரி முதல் தேதி எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டு எண்களையாவது அதற்குள் வெளியிடும்படி மத்திய வேளாண் அமைச்சகத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மக்காச்சோள விவசாயி ஒருவர்,
வேப்பந்தட்டை வட்டம், பெரம்பலூர் மாவட்டம்