இன்று யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தத் தடவை மதிப்பெண்ணைப் பற்றி எழுதவில்லை. பள்ளியில் தனித்துப்போகும் பிள்ளைகளையும் அவர்களின் மனச்சோர்வையும் பற்றி எழுதுகிறேன்.

மதிய மணி அடித்ததும் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வெளியே ஓடுவார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும் புத்தகத்தை எடுப்பதும் வைப்பதுமாகப் பையோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பார்கள். யாரும் கூப்பிடவில்லை என்பது வெளியே தெரியக்கூடாதே! இவர்களால் வகுப்பில் ஒரு தொந்தரவும் கிடையாது. அதனாலேயே எங்கள் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள். வீட்டிலும் 'ரொம்ப அமைதி' என்று பெயர் வாங்கிவிடுகிறார்கள்.

தனியாக இருக்கப் பிடித்த பிள்ளைகளும் உண்டு. மணிக்கணக்கில் படம் வரைந்துவிட்டு உற்சாகமாக எழுந்து வந்தால் சரி, விட்டுவிடுங்கள். சேர ஆசை இருந்தும் சேர முடியாத தவிப்புதான் கவலைக்குரியது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, அந்தத் தனிமை எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைவிட எவ்வளவு காலம் நீடித்தது என்பதே மனநலப் பாதிப்போடு அதிகம் தொடர்புடையது என்கிறது.

மனச்சோர்வும் தன் பங்குக்குத் தனிமையை வளர்க்கிறது. எதிலும் மனம் ஒட்டாத பிள்ளை, விளையாடக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது. இரண்டு தடவை அப்படிச் சொன்னால் மூன்றாவது தடவை யார் கூப்பிடுவார்கள்? அப்புறம் பக்கத்து பெஞ்சில் யாராவது சிரித்தால்கூடத் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். இந்த நிலையில் 'நாலு பேரோடு பழகு' என்று விரட்டுவதில் பயனில்லை. ஒரே ஒரு தோழமை அமைந்தாலே பெரிய ஆறுதல்.

இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட எரிச்சலாக வருவது சகஜம். 'திமிர்' என்று நாம் திட்டுவது சில நேரம் அதுவாக இருக்கலாம். தூக்கம், பசி, பிடித்த விளையாட்டில் ஆர்வம் எல்லாம் மாறி இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 'வாழவே பிடிக்கவில்லை' என்ற பேச்சு வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே போக வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

'ஸ்கூல் எப்படி இருந்தது?' என்றால் 'ம்' என்றுதான் பதில் வரும். யாரோடு சாப்பிட்டாய், யாரோடு நடந்து வந்தாய் என்று கேட்டுப் பாருங்கள். பல நாள் ஒரு பெயரும் வரவில்லையென்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். இடம் மாற்றி உட்காரவைப்பது, இருவர் சேர்ந்து செய்யும் வேலை கொடுப்பது போன்றவற்றைப் பிள்ளைக்குத் தெரியாமலே எங்களால் செய்ய முடியும். என்னிடம் பேச விரும்பினால் அலுவலகத்தில் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். என்னைப் பார்க்க வேண்டும் என்றால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்