செயலாளர் ஆண்டறிக்கை: குறைந்த விலை ஸ்கோப்புகளைச் சோதித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்த, இளைய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பெல்லட் (ஏர்கன் குண்டு) தடுப்புப் பெட்டிகளைப் பழுதுபார்த்தோம். 25 மீட்டர் தளத்துக்கு நிழல் கூரை போட்டோம். மற்றபடி இந்த ஆண்டின் உழைப்பெல்லாம் சென்ற பொதுக்குழு ஒப்படைத்த ஒரே வேலைக்குப் போனது. உரிமம் தேவைப்படாத 4.5 மி.மீ. குழல் விட்டம், 20 ஜூல் ஆற்றல் வரம்புக்குள் இருக்கும் நம் ஏர்கன்களுக்கு, கையைக் கடிக்காத விலையில் எந்த மாதிரி ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருந்தும் என்று சுட்டுப் பார்த்துச் சொல்வதே அந்த வேலை.

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமில்லையே, நமக்கு எதற்கு என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது பீப் சைட் என்ற, லென்ஸ் இல்லாத சிறு துளை வழியாகத்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் அப்படித்தான். போட்டிக்குத் தயாராகும் நம் ஜூனியர்கள் அதிலேயே பழகட்டும். ஆனால் ஐம்பதைத் தாண்டிய உறுப்பினர்களுக்கு ஓப்பன் சைட்டில், அதாவது துப்பாக்கி மேலேயே உள்ள லென்ஸ் இல்லாத குறிமுனைகளில், பின் சைட், முன் சைட், டார்கெட் மூன்றும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவதில்லை. ஸ்கோப்பில் கிராஸ் ஹேரும் (குறிபார்க்கும் குறுக்குக் கோடுகள்) டார்கெட்டும் ஒரே தளத்தில் தெரியும். சுடுவதையே விட்டுவிடலாம் என்றிருந்த பெரியவர்கள் மறுபடி 25 மீட்டர் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது, இந்த வேலை தேவையானதுதான் என்று உறுதியாகத் தெரிந்தது.

கடைகளில் முதலில் எடுத்துக் காட்டுவது 50 மி.மீ. முகப்பு லென்ஸ், சிவப்பு பச்சை விளக்கு, 16 மடங்கு என்று பெட்டியில் எழுதிய ஸ்கோப்பைத்தான். இவற்றில் எதுவும் குரூப்பை, அதாவது தொடர்ந்து சுட்ட குண்டுகள் விழும் பரப்பை, சுருக்குவதில்லை. முதலில் பார்க்க வேண்டியது பாரலாக்ஸ், அதாவது கண் நகரும்போது குறியும் நகர்வது. பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகள் பலவும் 100 கஜத்துக்கு அமைத்தவை. 40 மி.மீ. லென்ஸ் உள்ள அப்படியொரு ஸ்கோப்பை 10 மீட்டரில் வைத்துக் கண்ணை ஓரத்துக்கு நகர்த்தினால், கணக்குப்படி குறி 17 மி.மீ.க்கு மேல் விலகக்கூடும். அந்தத் தூரத்து ரைபிள் டார்கெட்டின் பத்துப் புள்ளி வெறும் 0.5 மி.மீ. என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 10 கஜம் வரை ஃபோகஸ் இறங்கும் ஸ்கோப்பில் இந்தத் தொல்லை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு பெல்லட்கூடச் செலவில்லை. துப்பாக்கியை அட்டைப்பெட்டியில் வெட்டிய பள்ளத்தில் அசையாமல் கிடத்தி, கை படாமல் தலையை மட்டும் இடம் வலமாக நகர்த்திப் பாருங்கள். கிராஸ் ஹேர் டார்கெட்டின் மேல் ஊர்ந்தால் அந்த ஸ்கோப் வேண்டாம்.

அடுத்தது டரட், அதாவது குறியை மேல் கீழ், இடம் வலமாக நகர்த்தும் திருகு. கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் ஒரு கிளிக்குக்கு 10 மீட்டரில் சுமார் 0.7 மி.மீ. நகர வேண்டும்; 40 கிளிக்குக்குச் சுமார் 29 மி.மீ. வலம், மேல், இடம், கீழ் என 40 கிளிக் வீதம் திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் ஒரு குரூப் சுட்டு, கடைசிக் குரூப் தொடங்கிய இடத்திலேயே விழுகிறதா என்று பார்த்தோம். மலிவானவற்றில் பல இங்கேதான் தோற்றன. இரண்டு கிளிக் திருப்பினால் அசையாமல் இருந்து, பிறகு ஒரேயடியாகத் தாவுபவையும் உண்டு. ஜீரோ செய்தபின் (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி அமைத்தபின்) டரட்டைத் தொடவே மாட்டேன் என்பவருக்கு இது பெரிய குறையில்லை. மற்றவர்களுக்கு இது தீராத எரிச்சல்.

ஸ்பிரிங் பிஸ்டன் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும். பிஸ்டன் போய் நின்றதும் முன்னுக்கு வெட்டும். பின்னுதைப்பை மட்டுமே தாங்கும்படி செய்த ஸ்கோப்பில் லென்ஸோ கிராஸ் ஹேரோ தளர்வது இந்த முன்வெட்டில்தான். பெரிய துப்பாக்கிக்கே தாங்கும் என்ற விற்பனைப் பேச்சை நம்ப வேண்டாம். ஏர்கனுக்கு ஏற்றது என்று எழுத்தில் இருக்க வேண்டும். முன்கூட்டியே அடைத்த அழுத்தக் காற்றால் சுடும் பி.சி.பி. துப்பாக்கியில் இந்தக் கவலை இல்லை. இத்துடன், துப்பாக்கி மேலுள்ள நம் 11 மி.மீ. ரெயிலில், நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் இல்லாத மவுண்ட் (ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் பிடி) மெல்லப் பின்னோக்கி நகரும். ஸ்கோப் கெட்டுவிட்டது என்று கொண்டுவந்து காட்டியவற்றில் சில, மவுண்டை மாற்றியதும் சரியாகிவிட்டன.

ஆகவே செயற்குழுவின் பரிந்துரை: உருப்பெருக்கம் 9 மடங்குக்குள் இருந்தாலும் போதும், காசை ஃபோகஸ் வளையத்துக்கும் நல்ல மவுண்டுக்கும் கொடுங்கள்.

ஒன்றைக் கண்டிப்புடன் பதிவு செய்கிறேன். ஸ்கோப் வழியாகப் பறவையையோ வேறெந்த உயிரையோ குறிபார்ப்பவருக்கு நம் சங்கத்தில் இடமில்லை. சும்மா வேடிக்கை பார்ப்பதற்காகத் துப்பாக்கியோடு ஸ்கோப்பைத் தூக்குவதும் கூடாது.

சோதனைக்குத் தங்கள் ஸ்கோப்புகளைத் தந்த உறுப்பினர்களுக்கும், இரவல் கொடுத்த கடைக்காரர்களுக்கும், டார்கெட் தாள்களை அளந்து குறித்த ஜூனியர்களுக்கும் நன்றி. 10 கஜம் வரை ஃபோகஸ் ஆகும் இரண்டு ஸ்கோப்புகளை, ஸ்டாப் பின் உள்ள மவுண்டுகளோடு, சங்கப் பொதுப் பயன்பாட்டுக்கு வாங்க அனுமதி கோரும் தீர்மானத்தை முன்வைக்கிறேன். இவ்வறிக்கையை ஏற்று, தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்