பாப்பாவின் வாயை அவளிடமே விட்டுவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் பார்த்தது இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை. ஒரு கையில் பீன்ஸ் பொரியல், மறு கையில் கைப்பேசி, "இதைத் தின்றால்தான் கார்ட்டூன்" என்று நீ. உதட்டை இறுக்கிக்கொண்டு அழுத மூன்று வயதுப் பாப்பா. கடைசியில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். உன் கவலை எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் வீட்டில் பீட்ரூட்டைத் தின்று முடிக்கும்வரை உன்னை எழுந்திருக்க விடமாட்டார்கள், நினைவிருக்கிறதா? ஆறிப்போன தட்டின் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாய். இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் பீட்ரூட் வாளி வந்தால் இலையைக் கையால் மறைக்கிறாய். பீட்ரூட் உனக்கு என்ன கெடுதல் செய்தது? அந்த மதியங்கள்தான் செய்தன.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புதிய உணவைக் கண்டால் பின்வாங்குவது குழந்தைகளின் இயல்பு. கசப்பும் அவர்கள் நாக்குக்கு நம்மைவிடக் கூடுதலாகத் தெரியும். ஒரு காய் பழகுவதற்கு 8 முதல் 15 தடவைகூடச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். நீயோ மூன்றாம் தடவையே "இவளுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிட்டாய்.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பொறுப்பை இரண்டாகப் பிரித்தார். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பாடு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தை பாடு. இதை நான் முழுமையாக நம்புகிறேன். அவளுக்குப் பிடித்த பருப்பு சாதத்தின் ஓரத்தில் ஒரே ஒரு அவரைக்காய்த் துண்டை வை. தொடட்டும், முகரட்டும், நக்கிவிட்டுத் துப்பட்டும். கெஞ்சாதே, மிரட்டாதே. சாக்லேட் தருவதாகப் பேரம் பேசினால் காய் தண்டனையாகிவிடும். சாம்பாரில் மசித்துப் போடுவதில் தப்பில்லை, ஆனால் காய் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அதே வேளையில் நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு, பீட்ரூட் உட்பட.

சாப்பாட்டுக்குச் சற்று முன் டம்ளர் நிறையப் பால் கொடுக்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். பசி இல்லாத வாய் எதைத்தான் ஏற்கும்? கேரட்டை வேகவைத்துக் கொடு. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கு. இந்த வயதில் தொண்டையில் சிக்கும்.

2 முதல் 5 வயதுவரை நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிராம் காய்கறி, பழம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை நாளைக்கே எட்ட வேண்டும் என்று தவிக்காதே. எடை ஏறாமல் நின்றாலோ, நாலைந்து உணவைத் தவிர எதையும் தொடாமலே இருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுவோம்.

போன மாதம் மெரினாவில் என் கையிலிருந்த மாங்காய்த் துண்டைப் பிடுங்கி நக்கினாளே! முகத்தைச் சுளித்துக்கொண்டே இன்னொன்றும் கேட்டாள். அன்று யாரும் அவளைத் தின்னச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை மயிலாப்பூருக்கு அவளை அழைத்து வா. தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகளில் அவளே ஒரு காயைத் தேர்ந்தெடுக்கட்டும். பாகற்காயை எடுத்தாலும் வாங்கிவிடுவோம். அவள் தூக்கும் அளவுக்கு ஒரு சின்னத் துணிப்பை கொண்டு வா.

அன்புடன்,
அக்கா