தண்ணீர் பிந்தித்தான் ஏறும்

கன்னன்குடா,
மட்டக்களப்பு.

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் வளவுக்குள் இறங்க முடியாத வெக்கை. அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, நீ அனுப்பிய எண்ணெயைத் தவறாமல் பூசுகிறா.

உங்கள் ரிசோர்ட் நீரூற்றுக்குப் புதிய இசையொன்றை எடுத்து, அதற்குத் தண்ணீரின் ஆட்டத்தை அமைக்கிற பொறுப்பை உன்னிடம் தந்திருக்கிறார்கள் என்று சொன்னாய். சொன்ன கையோடு, “நான் பம்ப் அறையில வேலை செய்யிறவன் அப்பா, எனக்கு இது சரிவருமா?” என்றும் கேட்டாய். போனில் அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை, அதுதான் எழுதுகிறேன். பம்ப் அறையில் நிற்கிறவனுக்குத்தான் மகன் இந்த வேலை சரிவரும்.

நாங்கள் வந்திருந்தபோது முதலில் துபாய் நீரூற்றைக் காட்டினாய். 2009இல் திறந்தது, நீளம் 275 மீற்றர், தண்ணீர் 150 மீற்றர் வரை ஏறும் என்று நீ சொல்லச் சொல்ல அம்மா அண்ணாந்தபடியே நின்றா. எனக்கு அதைவிட மனதில் பதிந்தது, மறுகா நீ உங்கள் பம்ப் அறையில் காட்டியதுதான். தண்ணீர் பீறி வருகிற ஒரு நீர்வாயைக் கழற்றி என் கையில் தந்தாய். உள்விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக உப்புக்கல் படிந்திருந்தது. அரிசிமணி அளவுகூட இல்லை. “இவ்வளவு இருந்தாலே போதும் அப்பா, தண்ணி நேராப் போகாமச் சரிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டுச் சின்னப் புருசால் உரசி எடுத்தாய். பிறகு விளிம்பில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாய். வெளியே கைதட்டுகிற சனத்துக்கு அந்த விரலைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். இத்தனை வருசம் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்தவன் என்ற உரிமையில் ஒரு கணக்குச் சொல்கிறேன். தண்ணீர் 20 மீற்றர் உயரம் போக வேண்டுமென்றால், வாயை விட்டுப் புறப்படும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் வேகம் வேண்டும். உச்சியைத் தொட 2 செக்கன் எடுக்கும். 5 மீற்றர் என்றால் 1 செக்கன். காற்றின் தடையை விட்டுவிட்டுச் சொல்கிறேன். லாஸ் வேகாஸில் பெலாஜியோ ஹோட்டலின் ஏரியில் 140 மீற்றர் வரை எறிகிறார்கள். அந்தத் தண்ணீர் உச்சிக்குப் போக 5 செக்கனுக்கு மேல் செல்லும். ஆகவே இசையில் அடி விழுகிற நேரத்தில் நீ தண்ணீரைத் திறந்தால், அது உச்சிக்கு வருவதற்குள் இசை அடுத்த வரிக்குப் போய்விடும். தண்ணீர் எப்போதும் பிந்தித்தான் ஏறும். அமைக்கிறவன் முந்த வேண்டும்.

இதை நீ எங்கேயும் போய்ப் படிக்கத் தேவையில்லை. பெரியப்பா கூத்துக் களரியில் மத்தளத்தோடு நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நீ. வடமோடிக் கூத்தில் ராசாவுக்குக் கரப்புடுப்பு, வளையம் வைத்து விரிந்து நிற்கிற பாரமான உடுப்பு. அந்தப் பாரத்தோடு ஒருவன் சுழன்று நிற்க நேரம் எடுக்கும். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் அதை அறிந்து, ஆட்டக்காரன் காலைத் தூக்க முன்பே அவன் முகத்தைப் பார்த்து மத்தளத்தில் அழைப்பார். தாளம் தீர்கிற இடத்தில் காலும் சதங்கையும் உடுப்பும் ஒன்றாக வந்து நிற்கும். உன் தண்ணீரும் கரப்புடுப்புக் கட்டிய ஆள்தான் மகன். எந்த ஆளுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று உனக்குத் தெரிகிற அளவுக்கு, கணினிக்கு முன்னால் மட்டும் இருக்கிறவனுக்குத் தெரியாது.

பெலாஜியோவையும் துபாயையும் செய்தது வெட் (WET) என்கிற ஒரே நிறுவனம்தான். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்க் புல்லர், யூட்டா பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் படித்தவர். தண்ணீர் எப்படி ஓடும் என்பதில் தொடங்கித்தான் அவர் இந்த ஆட்டத்துக்கு வந்தார். அதையும் நினைவில் வைத்துக்கொள்.

இசையைத் தெரிவு செய்யும்போது ஒன்றைப் பார். 20 மீற்றர் ஏறின தண்ணீர் கீழே விழவும் இன்னுமொரு 2 செக்கன் எடுக்கும். அது விழுந்து முடிய முன்பு அதே வாயைத் திரும்பத் திறந்தால், ஏறுவதும் இறங்குவதும் மோதித் தூவானமாகிவிடும். பார்க்கிறவனுக்கு வெறும் வெள்ளை மூட்டம்தான் தெரியும். துரித காலத்தைச் சின்ன வாய்களுக்குக் கொடு. நீண்ட சுரங்களை உயரமானவற்றுக்கு வை. எல்லா வாய்களையும் எல்லா நேரமும் ஆட விடாதே. நான் பார்த்த வீடியோக்கள் பலதில் இந்தக் குறைதான் இருக்கிறது, தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள், கடைசியில் காட்ட ஒன்றும் மிச்சமில்லை. அம்மா நாதஸ்வர ஆலாபனையில் தொடங்கச் சொல்கிறா. எனக்கும் அது பிடித்திருக்கிறது. ஆலாபனையில் தாளம் இல்லை, அந்த இடத்தில் தண்ணீரை மெல்ல வளரவிடலாம்.

உயரமாக எறிகிறவை பம்பால் அல்ல, அழுத்திய காற்றால் வேலை செய்கின்றன என்று காட்டினாயே, அந்தக் காற்று வெடித்து வருகிற ‘டம்’ என்ற சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்கப் பார்க்காதே, தாளத்துக்குள் சேர்த்துக்கொள். தண்ணீர்ச் சுவர் முழுக்க விழுகிறபோது வருகிற இரைச்சலுக்கும் இசையில் கொஞ்சம் இடம் விடு. அப்புறம், கரையில் தூரத்தில் நின்றும் ஒரு முறை பார். ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர்தான் போகும். ஸ்பீக்கரிலிருந்து 100 மீற்றர் தள்ளி நிற்கிறவனுக்கு இசை ஏறத்தாழ 0.3 செக்கன் பிந்திக் கேட்கும், ஆனால் தண்ணீரை உடனே பார்த்துவிடுவான். எங்கே அதிகம் சனம் நிற்குமோ அந்த இடத்துக்குக் கணக்கைச் சரிசெய்.

உன் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் லைட்டில் கை வைக்க முன்பு மெயினை நிற்பாட்டு. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்று நம்பி இறங்காதே, அதன் டெஸ்ட் பட்டனை அமத்திப் பார்த்த பிறகு இறங்கு. குளோரின் அளவைப் பார்க்கிற வேலையை வேறு யாராவது செய்வார்கள் என்று விடாதே. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடியிருந்தவர்கள் பலர் நிமோனியாவால் செத்ததற்குக் காரணம் லெஜியோனெல்லா என்ற கிருமி. குளோரின் குறைந்த வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்ந்து, நுண்துளிகளோடு மூச்சுக்குள் போகும். நீ அந்தத் தூவானத்துக்குள்தான் நாள் முழுக்க நிற்கிறாய். காற்றுக் கூடின இரவுகளில் உயரத்தைக் குறைக்கச் சொன்னால் குறைத்துவிடு, மனேஜர் முகம் சுளித்தாலும் சரி. தரை நனைந்து ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால் பதில் சொல்லப்போவது நீதான்.

இசையைத் தெரிவு செய்ததும் ஒலிப்பதிவை எனக்கு அனுப்பு. எந்த இடத்தில் எந்த வாய், எத்தனை மீற்றர் என்று ஒரு தாளில் எழுதி அதையும் படம் பிடித்து அனுப்பு. பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் மத்தளத்தை வைத்துக்கொண்டு இருப்பார், நான் பக்கத்தில் மணிக்கூட்டோடு இருந்து செக்கனைக் குறித்துத் தருகிறேன். வெள்ளிக்கிழமை அவருக்குக் கோயில் வேலை, அதற்கு முன்பு வந்தால் நல்லது.

அன்புடன்,
அப்பா