கன்னிமாரா பழைய ஹாலை எக்ஸிபிஷன் ஆக்கிடாதீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

எக்மோர் கன்னிமாரா லைப்ரரி பத்தி பேச்சு வந்தாலே இப்பல்லாம் யாராவது ஒருத்தர் "அந்த பழைய ஹால்ல இப்ப யாருங்க போய் படிக்கிறாங்க, பேசாம எக்ஸிபிஷன் ஹாலா மாத்திட்டா டூரிஸ்ட்டாவது வருவான்"னு ஆரம்பிச்சிட்றாங்க, எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல கூட இதே பேச்சு, தம்ஸ்அப் வேற போட்டுத் தள்ளுறாங்க. வெறும் பேச்சுதான், ஒத்துக்கறேன். ஆனா நம்ம ஊர்ல பேச்சு எப்ப ஃபைல் ஆகும், ஃபைல் எப்ப டெண்டர் ஆகும்னு யாருக்குத் தெரியும், அதான் இப்பவே எழுதறேன்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல ரவுண்ட் ரீடிங் ரூம்னு ஒன்னு இருக்கு. 1857ல திறந்தது, கார்ல் மார்க்ஸ் வருஷக்கணக்கா உக்காந்து படிச்ச இடம், லெனின் வேற பேர்ல கார்டு வாங்கி உள்ள போனாரு. 1997ல அங்க இருந்த பிரிட்டிஷ் லைப்ரரி லண்டன்லயே செயின்ட் பாங்க்ரஸ்ங்கற இடத்துல புது கட்டிடத்துக்கு போயிடுச்சு, சரி போகட்டும்னு 2000ல ரூமை அழகா புதுப்பிச்சு பொதுமக்களுக்குத் திறந்து விட்டாங்க. ஏழே வருஷம்தான். 2007ல சீனாவோட டெரகோட்டா வீரர் சிலைங்க வந்தப்ப டெஸ்க் எல்லாத்துக்கும் மேல ஒரு தளம் போட்டு மூடிட்டாங்க, அடுத்தடுத்து கண்காட்சி, 2013 வரைக்கும் இதே கதை. அப்புறம் கண்காட்சிக்குன்னு தனியா புது இடமே கட்டிக்கிட்டாங்க, ஆனா படிக்கறவன் திரும்பி வந்தானான்னா இல்ல, ரூம் பல வருஷம் மூடியேதான் கெடந்துச்சு.

எக்ஸிபிஷன்னா சும்மா நாலு படம் மாட்டறது இல்லைங்க. வெளிச்சம் பட்டா பழைய பேப்பரு துணியெல்லாம் நிறம் போயிடும்னு முதல்ல ஜன்னலத்தான் மறைப்பாங்க, அப்புறம் பிளைவுட் தடுப்பு, ஸ்பாட் லைட்டு, வயரிங்கு. கன்னிமாரா பழைய ஹாலோட உயிரே மேல இருந்து கலர் கண்ணாடி வழியா இறங்கற வெளிச்சமும் ரெண்டு பக்கமும் உசரமா நிக்கற மர அலமாரியும்தான், இதையெல்லாம் மறைச்சிட்டு எதைக் காட்டப் போறோம்? ஹென்றி இர்வின் டிசைன் பண்ணி 1896 டிசம்பர் 5ல திறந்த கட்டிடம், புத்தகம் படிக்கறதுக்குன்னே கட்டினது. 1955ல இருந்து இந்தியாவுல அச்சாகற ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு காப்பி வாங்கற நாலு லைப்ரரில இதுவும் ஒன்னு, அதாவது புத்தகம் வந்துகிட்டே இருக்கு, இடம்தான் பத்தாது. இருக்கற இடத்தையும் எடுத்துக் கொடுங்கன்னா என்ன நியாயம்?

இன்னொன்னு சொல்லணும். கண்காட்சிக்கு இடம் இல்லையா அந்த காம்பவுண்டுல? பக்கத்துலயே மியூசியம், அதுலயே விக்டோரியா மெமோரியல் ஹால், 1909ல திறந்தது, கலைப் பொருள் வைக்கறதுக்குன்னே இருந்த கட்டிடம், அதை பாதுகாப்பு இல்லைன்னு எத்தனையோ வருஷம் பூட்டி வெச்சிருந்தோம். அந்த மாதிரி கட்டிடத்தை ஒழுங்கா பராமரிச்சு கண்காட்சி நடத்துங்க, முதல் ஆளா நானே டிக்கெட் எடுத்துட்டு வரேன்.

டூரிஸ்ட் வரக் கூடாதுன்னு நான் சொல்லல. வாரத்துல ஒரு நாள் காலையில ரெண்டு மணி நேரம் சுத்திக் காட்டலாம், கைட் போடலாம், தாராளமா. மத்த நேரம் அங்க மேஜை இருக்கணும், நாற்காலி இருக்கணும், ஆள் உக்காந்து படிக்கணும். கேட் திறக்கறதுக்கு முன்னாடியே முதுகுல பையோட டிஎன்பிஎஸ்சிக்கும் பேங்க் எக்ஸாமுக்கும் படிக்க வந்து நிக்கற பசங்களுக்கு அந்த ஹால்ல நாப்பது சீட்டு போட்டுக் கொடுத்தா என்ன குறைஞ்சிடும்? பழைய புத்தகத்துக்கு பாதுகாப்பு வேணும்னா அலமாரிக்கு கண்ணாடிக் கதவும் பூட்டும் போடுங்க.

அதிகாரிங்க கவனத்துக்குப் போற மாதிரி இதைக் கொஞ்சம் பிரசுரிங்க சார். அப்படியே அந்த விக்டோரியா மெமோரியல் ஹாலுக்கு இதுவரைக்கும் எவ்வளவு செலவாச்சு, இப்ப என்ன நிலைமைன்னு உங்க நிருபர் ஒருத்தர அனுப்பி விசாரிச்சு ஒரு செய்தி போட்டீங்கன்னா ரொம்ப நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
பெரம்பூர், சென்னை