எட்டாவதாக எழுதிய முதல் கதை: மாரிட்ஸ்பர்க் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ படிக்கப்போகும் புத்தகங்களின் பட்டியல் வந்தது. துப்பறியும் தொடர்களும் மாயக் கதைத் தொடர்களும் கலந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாம் பாகத்திலிருந்துதான் தொடங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு வகைக்கும் ஒரே பதில் கிடையாது.

துப்பறியும் தொடரில் கொலை அந்தந்தப் புத்தகத்தோடு தீர்ந்துவிடும். அடுத்ததற்குத் தாண்டிப் போவது துப்பறிகிறவரின் சொந்தப் பாடு மட்டும்: குடி, மணமுறிவு, மேலதிகாரியோடு சண்டை. அதனால் நடுவில் நுழைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. மாயக் கதை அப்படியல்ல. மந்திரத்துக்கு என்ன விலை, எந்தக் குலத்துக்கு யார் பகை என்பதை முதல் பாகத்தில் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். மூன்றாவதைக் கையில் எடுத்தால் கல்யாண வீட்டில் பந்தி முடிகிற நேரத்துக்குப் போன மாதிரி இருக்கும்.

ஆனால் துப்பறியும் கதையிலும் கண்ணிவெடிகள் உண்டு. அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளர் பொய்ரோவின் கதைகளை இஷ்டப்படி எடுக்கலாம் என்பார்கள். 1937இல் வந்த 'டம்ப் விட்னஸ்' நாவலில் பொய்ரோ தன் பழைய வழக்குகளை நினைத்துப் பார்க்கும் ஓர் இடத்தில், முந்தைய நான்கு நாவல்களின் கொலையாளிகளைப் பெயர் சொல்லியே உடைத்துவிடுகிறார். முதல் நாவலும், எல்லோரும் மெச்சும் ரோஜர் ஆக்ராய்டு நாவலும் அந்த நான்கில் அடக்கம். 'கார்ட்ஸ் ஆன் த டேபிள்' (1936) ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கொலை நாவலின் விடையைப் போகிறபோக்கில் சொல்லிவிடும். இந்த இரண்டையும் தள்ளி வை. 'கர்ட்டன்' 1975இல்தான் அச்சேறியது, ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்த கடைசி வழக்கு அது. அதைக் கடைசியில்தான் படிக்க வேண்டும்.

ஷெர்லக் ஹோம்ஸுக்கு 4 நாவல், 56 சிறுகதை. 1887இல் வந்த முதல் நாவலில் தொடங்கினால் பாதியில் கதை திடீரென்று அமெரிக்காவின் யூட்டாவுக்குப் போய்விடும், ஹோம்ஸைக் காணோம். நிறையப் பேர் அங்கேதான் மூடி வைக்கிறார்கள். 1892இல் வந்த 12 கதைத் தொகுப்பில் தொடங்கு.

இனி உன் ஊருக்கு வருகிறேன். துப்பறியும் கதை எழுதிய ஜேம்ஸ் மெக்ளூர் நம் தென்னாப்பிரிக்காவில், உங்கள் மாரிட்ஸ்பர்க்கில் பத்திரிகையாளராக இருந்து, 1965இல் பிரிட்டன் போனவர். அவருடைய எட்டு கிரேமர்–சோண்டி நாவல்கள் நடக்கும் 'டிரெக்கர்ஸ்பர்க்' வேறெந்த ஊருமல்ல, உன் ஊர்தான். இருவரும் போலீஸ்காரர்கள்: கிரேமர் ஆப்பிரிக்கானர், அதாவது டச்சு வழி வெள்ளையர்; சோண்டி கறுப்பின ஸூலு. ஒரே வழக்கைத் துரத்தும் இருவருக்கும் போகக்கூடிய கதவுகள் வேறு, போக முடியாத கதவுகள் வேறு. முதல் நாவல் 'த ஸ்டீம் பிக்' 1971இல் துப்பறியும் நாவலுக்கான பிரிட்டிஷ் விருதான கோல்டு டேகரை வாங்கியது. தீட்டிய சைக்கிள் கம்பி ஒன்றால் நடக்கும் கொலை. இனப்பிரிவினைக் காலத்துச் சட்டங்கள் தெரியாத வெளியூர் வாசகருக்கு அதில் நழுவிப் போகும் துப்புகள் நமக்கு நழுவாது. அந்தக் காலத்து வசைச் சொற்கள் அப்படியே இருக்கும், மனதைத் தயார் பண்ணிக்கொள்.

இந்தத் தொடரில்தான் உன் கேள்வி சிக்கலாகிறது. 1991இல் எட்டாவதாக வந்த 'த சாங் டாக்', 1962இல் நடக்கிறது. கிரேமரும் சோண்டியும் முதன்முதலாகச் சந்திப்பதே அதில்தான். காலவரிசைப்படி அதுவே முதல் கதை. அதை முதலில் படிக்காதே. முன்கதையின் ருசி, வருவது நமக்குத் தெரியும் என்பதில் இருக்கிறது. ஏழு புத்தகம் கூடவே நடந்தவளுக்கு அந்தச் சந்திப்பு ஒரு கிளர்ச்சி, புதிதாக வருகிறவளுக்கு அது வெறும் அறிமுகம்.

சி.எஸ். லூயிஸின் நார்னியா மாயக் கதைத் தொடரிலும் இதே தகராறுதான். முதலில் வெளிவந்தது சிங்கம், சூனியக்காரி, அலமாரிக் கதை, 1950இல். மந்திரவாதியின் மருமகன் கதை ஆறாவதாக 1955இல் வந்தது. இப்போது விற்கும் பெட்டியில் அதன் முதுகில் '1' என்று போட்டிருப்பார்கள். முதுகிலுள்ள எண்ணை நம்பாதே. உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் முதற்பதிப்பு ஆண்டைப் பார்.

டோல்கீன் 1892இல் நம் நாட்டுப் புளூம்ஃபொன்டேனில் பிறந்தவர், மூன்று வயதில் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அதற்கு மேல் நாம் உரிமை கொண்டாடுவது கொஞ்சம் அதிகம்! 'ஹாபிட்' (1937) முதலில். பிறகு 1954–55இல் மூன்று புத்தகமாக வந்த மோதிரக் கதை, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. அது தொடரே அல்ல, அச்சுச் செலவுக்காக மூன்றாக வெட்டிய ஒரே நாவல், ஆகவே முதல் புத்தகம் முடிவில்லாமல் நிற்கிறதே என்று குறைப்படாதே. முதல் முறை முன்னுரைப் பகுதியைத் தாண்டிவிடு, புகையிலை வரலாற்றில் சிக்கித் திரும்பியவர்கள் அநேகம். கடைசிப் பாகத்தின் பின்னிணைப்பை முடிக்கும்வரை திறக்காதே. ஆண்டுவரிசையில் யார் பிழைத்தார், யார் செத்தார் என்பதெல்லாம் இருக்கிறது.

'வீல் ஆஃப் டைம்' மாயக் கதைத் தொடர் 14 பாகம். எழுதியவர் 2007இல் இறந்து, கடைசி மூன்றை வேறொருவர் முடித்துக் கொடுத்தார். இங்கே புத்தகத்துக்கு 15% வாட் வரி உண்டு. ஒன்றாம் பாகத்தை நூலகத்தில் எடுத்து 150 பக்கம் படித்த பிறகு காசைப் பற்றி யோசி.

குறிப்பு நோட்டு கேட்டாய். துப்பறியும் கதைக்கு மூன்றே கட்டம் போதும்: யார், எங்கே, எத்தனை மணிக்கு. கொலைக்கான காரணத்தை எழுதாதே. காரணம் எல்லோருக்கும் இருக்கும், நேரம்தான் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும். ஒரு அறையிலுள்ள சாமான்களை வரிசையாகச் சொன்னால் நடுவில் வருவதை அடிக்கோடிடு, துப்பை ஒளிக்கப் பலருக்குப் பிடித்த இடம் அதுதான். 280 பக்கப் புத்தகத்தில் 210ஆம் பக்கத்தில் நிறுத்தி, கொலையாளி பெயரையும் அவர்தான் என்பதற்கு ஒரு ஆதாரத்தையும் எழுதி வை. ஆதாரம் எழுத வரவில்லையென்றால் நீ செய்தது ஊகம், கண்டுபிடிப்பு அல்ல. மாயக் கதைக்கு நோட்டு வேண்டாம், முன்பக்க வரைபடத்தைப் போனில் படமெடுத்துக்கொள்.

துப்பும் மாயமும் ஒரே புத்தகத்தில் வேண்டுமென்றால், டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டு மாயக் கதைத் தொடரின் 41 நாவல்களில் காவல்படைக் கதைகள் எட்டு. 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) முதல் படி. நம் வேதாளம் இதை எப்போதோ செய்துவிட்டது: 25 கதை, ஏறக்குறைய ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு புதிர், பதில் தெரிந்தும் மன்னன் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும், திறந்தால் பிணம் முருங்கை மரம் ஏறும். தமிழில் வேறு வேண்டுமா? சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகளை எங்கிருந்தும் எடுக்கலாம். 1968இன் 'நைலான் கயிறு' நாவலில் கணேஷ் மட்டும்தான், வசந்தைத் தேடாதே.

சனிக்கிழமை பெஸ்ஸி ஹெட் நூலகத்துக்குப் போனால் 'ஸ்டீம் பிக்' இருக்கிறதா என்று கேள். வெளியே போயிருந்தால் உன் பெயரைப் பதிந்துவிட்டு வா. அலமாரியில் 'சாங் டாக்' மட்டும் நின்றாலும் எடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் அக்கா,
சாட்ஸ்வொர்த், டர்பன்