வாசகசாலைக் கணினித் திருப்பணி நிறைவு அறிக்கை

உ
சிவமயம்

உள்ளூர், வெளியூர்ப் புள்ளிகள் (குடும்பத்தார்) அனைவருக்கும் காரியக்கமிட்டியின் வணக்கம்.

பொதுக்கூட்டத்தில் நீங்கள் ஒப்புதல் தந்த கணினி வேலை முடிந்தது. வாசகசாலை முன்கூடத்தில் ஆறு கணினிகள் ஓடுகின்றன. வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது; வெளியூர்ப் புள்ளிகளுக்குத் தபாலில் வரும். வேலை நடந்த விதத்தை மட்டும் இங்கே சொல்கிறோம்.

சென்னையிலுள்ள நம் ஊர்ப் பிள்ளை ஒருவர், அலுவலகத்தில் கழித்த ஹெச்பி டி5740 தின் கிளையன்ட் பெட்டிகளை வாங்கிக் கொடுத்தார். பெரிய சர்வரில் ஓடுவதைத் திரையில் காட்டுவதற்கென்றே செய்த பெட்டிகள் இவை. காயலான் கடைச் சரக்குதானே என்று சிலர் கேட்டது நியாயம்தான். ஆனால் உள்ளே விசிறி கிடையாது. நம் ஊர்ச் செம்மண் புழுதியை உள்ளே இழுக்காது, சத்தமும் இல்லை. படிக்கிற இடத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

உள்ளிருப்பது இன்டெல் ஆட்டம் என்280 என்ற 32 பிட் செயலி. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை இதில் நிறுவ முடியாது. அதனால் 2023இல் வந்த டெபியன் 12இன் 32 பிட் பதிப்பையும், எல்எக்ஸ்டிஇ என்ற இலேசான முகப்புத்திரை மென்பொருளையும் போட்டோம். பெட்டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் சேமிப்பிடம் சில ஜிபிதான். ஆகவே லினக்ஸைப் பெட்டிக்கு ஒரு பென்டிரைவிலேயே நிறுவி, எஃப்10 அழுத்தி பயாஸ் என்ற தொடக்க அமைப்புக்குள் போய், அதிலிருந்தே கிளம்பும்படி வைத்தோம்.

கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. நிறுவும்போது இரண்டு பென்டிரைவ்கள் செருகியிருக்கும்: நிறுவும் மென்பொருள் உள்ளது ஒன்று, லினக்ஸ் போய்ச் சேர வேண்டியது மற்றொன்று. கிரப் (GRUB) என்ற துவக்கிப் பகுதி நிறுவும் பென்டிரைவிலேயே போய் உட்கார்ந்துவிட்டால், அதை உருவியதும் பெட்டி கிளம்பாது. எந்த டிரைவ் எது என்று கொள்ளளவை வைத்து அடையாளம் கண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியையும் நிறுவும் பென்டிரைவை எடுத்துவிட்டுக் கிளப்பிப் பார்த்த பிறகே மேசையில் வைத்தோம்.

அப்புறம், பயாஸ் பேட்டரி. பழையது தீர்ந்திருந்ததால் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் சான்றிதழ் செல்லாது என்று உலாவி கதவடைத்துவிடும். காரைக்குடிக் கடையில் சிஆர்2032 பேட்டரி வாங்கி எல்லாவற்றிலும் மாற்றியாயிற்று.

தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தமிழ் மின்னூல்களும், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகமும் முகப்பிலேயே திறக்கும். கண் மங்கிய ஆச்சிமார் எழுத்தைப் பெரிதாக்கித் திருவாசகம் படிப்பதைப் பார்க்கும்போது, பட்ட பாடு பெரிதாகத் தெரியவில்லை. வீடியோ பார்க்க இவை தாங்காது. உலாவியில் ஒன்றிரண்டு பக்கத்துக்கு மேல் திறக்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைக்காமல், மெனுவில் ‘நிறுத்து’ கொடுத்து, விளக்கு அணைந்த பிறகு ஸ்விட்சைத் தொடுங்கள். பென்டிரைவில் தகவல் பதிவாகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அது கெட்டுவிடக்கூடும். மாற்றாக ஒன்று தயார் செய்து பீரோவில் வைத்திருக்கிறோம், சாவி நூலகரிடம்.

இப்படிக்கு,
காரியக்கமிட்டியார்